உழவு நிற்காமல் ஒரு மராமத்து

எங்கள் வீட்டு டிராக்டர் 1976-ல் வந்தது. மாஸி ஃபெர்குசன் 1035. சென்னை செம்பியத்தில் டாஃபே நிறுவனம் செய்தது. மூன்று சிலிண்டர் சிம்சன் டீசல் எஞ்சின். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமத்தில் அது மூன்றாவது டிராக்டர். முதல் இரண்டும் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன. எங்களுடையது இன்னும் ஓடுகிறது.

வெளிநாடுகளில் பழைய டிராக்டர்களைப் புதுப்பித்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள். வண்டியைக் கொட்டகையில் ஏற்றிவைத்து, ஆணி ஆணியாகப் பிரித்து, மூன்று நான்கு வருடம் நிதானமாக வேலை செய்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. தம்பி இன்றும் அந்த நிலத்தில் பயிர் வைக்கிறான். வண்டி வேலை செய்தபடியே குணமாக வேண்டும். 2019-ல் தொடங்கி 2022 வரை நாங்கள் செய்தது அப்படிப்பட்ட மராமத்துதான். அதை எழுதும்போது இந்த வண்டி எங்கிருந்து வந்தது, ஏன் இத்தனை காலம் தாங்கியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

அயர்லாந்தில் ஒரு விவசாயி மகன்

ஹாரி ஃபெர்குசன் 1884-ல் வட அயர்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வயல் வேலையைவிட இயந்திரங்களில்தான் அவருக்கு ஆசை. 1909-ல் தானே செய்த விமானத்தில் பறந்து காட்டினார். முதல் உலகப் போர் சமயத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டியிருந்தது. விவசாயிகளின் டிராக்டர்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அவர் கண்ட குறை எளிமையானது. அப்போதைய டிராக்டர் என்பது மாட்டுக்குப் பதிலாக நிறுத்திய ஓர் இரும்பு மாடு. கலப்பையைப் பின்னால் சங்கிலி போட்டு இழுத்தது. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின் சக்கரம் சுழல, முன்பக்கம் மேலே எழும்பி, வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் மேலேயே விழும். அதைத் தடுக்க வண்டியைக் கனமாகச் செய்தார்கள். கனமான வண்டி மண்ணை அழுத்திக் கெடுத்தது.

ஃபெர்குசன் கலப்பையை வண்டியோடு மூன்று புள்ளிகளில் இணைத்தார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு தண்டு. மண் கடினமானால் மேல் தண்டு அழுத்தப்படும். அந்த அழுத்தம் ஹைட்ராலிக் வால்வைத் தொட்டு, கலப்பையைச் சற்றே உயர்த்தும். அதே நேரம் கலப்பையின் பாரம் பின் சக்கரத்தின் மேல் இறங்கிப் பிடிமானம் தரும். இதனால் எடை குறைந்த சிறிய வண்டியே பெரிய வண்டியின் வேலையைச் செய்தது. இன்று உலகில் எந்த டிராக்டரின் பின்பக்கம் போய் நின்றாலும் இந்த மூன்று முனை இணைப்பைப் பார்க்கலாம்.

1938-ல் ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் கைகுலுக்கி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. அதன்படி 1939-ல் ஃபோர்டு–ஃபெர்குசன் டிராக்டர் வந்தது. ஃபோர்டின் பேரன் காலத்தில் உறவு முறிந்து, வழக்காகி, 1952-ல் 92.5 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. கடன் பத்திரங்களோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்தக் கைகுலுக்கல் ஒப்பந்தத்தைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

இதற்கிடையே 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஃபெர்குசனுக்காக டி.இ.20 என்ற சாம்பல் நிற டிராக்டரைச் செய்தது. 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1953-ல் ஃபெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாஸி–ஹாரிஸ் நிறுவனத்தோடு சேர்ந்தது. சில ஆண்டுகளில் அது மாஸி ஃபெர்குசன் ஆயிற்று. டி.இ.20-க்கு அடுத்து வந்தது 35. எங்கள் 1035 அந்த வம்சத்தின் இந்தியக் கிளை.

செம்பியத்துக்கு வந்த வழி

சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவில் டிராக்டர் என்றால் போரில் மிஞ்சிய அமெரிக்க வண்டிகள்தான். மத்திய அரசின் டிராக்டர் அமைப்பு 1947-ல் தொடங்கி, மத்திய இந்தியாவில் ஆழமாக வேரோடிய புல் மண்டிக் கிடந்த நிலங்களைத் திருத்தியது. 1949-ல் உலக வங்கி இந்தியாவுக்கு விவசாய இயந்திரங்களுக்கென்று 1 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த முதல் கடன் ரயில்வேக்கு, இரண்டாவது கடன் டிராக்டருக்கு.

1951-ல் நாட்டில் இருந்த டிராக்டர்கள் சுமார் 8,500. 1960-ல் 37,000. எல்லாம் இறக்குமதி. 1961-62-ல்தான் இந்தியாவில் உற்பத்தி கணக்கில் வருகிறது. அந்த வருடம் செய்தது 880 வண்டிகள். இன்று உலகிலேயே அதிகமாக டிராக்டர் செய்யும் நாடு இந்தியா.

டாஃபே 1960-ல் சென்னையில் தொடங்கியது. அனந்தராமகிருஷ்ணன் உருவாக்கிய அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமத்தின் சிம்சன் கம்பெனி 1840-லிருந்து சென்னையில் இருப்பது. குதிரை வண்டி கட்டிய கம்பெனி, பிற்பாடு இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் டீசல் எஞ்சின் செய்தது. அந்த பெர்கின்ஸை 1959-ல் மாஸி ஃபெர்குசனே வாங்கிவிட்டது. ஆக, வண்டிக்கும் எஞ்சினுக்கும் அங்கேயும் ஒரே குடும்பம், இங்கேயும் ஒரே குடும்பம்.

எங்கள் வண்டி பிழைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1035 என்ற பெயரில் இன்றும் புது வண்டி விற்கிறார்கள். உள்ளே பல மாற்றங்கள் வந்துவிட்டன. ஆனாலும் பல உதிரி பாகங்கள் மன்னார்குடிக் கடையிலேயே கிடைக்கின்றன. எங்கள் ஊரின் முதல் இரண்டு டிராக்டர்களும் வெளிநாட்டு இறக்குமதி. ஒரு பல் சக்கரம் உடைந்தால் மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றன. பிறகு நிரந்தரமாகவே நின்றுவிட்டன.

மாடு போய் வண்டி வந்தது

தஞ்சை மாவட்டம் 1960-களின் தொடக்கத்திலேயே தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குள் வந்தது. ஆடுதுறை 27 வந்தது, அடுத்து ஐ.ஆர்.8 வந்தது. குறுகிய காலப் பயிர் என்றால் குறுவையை அறுத்த கையோடு அடுத்த நடவுக்கு நிலம் தயாராக வேண்டும். இடைவெளி சில நாட்கள்தான். எங்கள் ஊர்க் கணக்கில் ஓர் ஏர், ஒரு நாளில் ஒரு மா உழுதால் நல்ல உழவு. மூன்று மா ஓர் ஏக்கர். அவசரத்துக்கு மாட்டை விரட்ட முடியாது.

அப்பாவிடம் நான்கு ஜோடி உம்பளச்சேரி மாடுகள் இருந்தன. சேற்று உழவுக்கென்றே பிறந்த இனம். உயரம் குறைவு, கால் உறுதி. டிராக்டர் வந்த இரண்டாம் வருடம் இரண்டு ஜோடியை விற்றார். அன்று அம்மா சாப்பிடவில்லை.

மாடுகளோடு போனது இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் டிராக்டரின் பெருமையை மட்டும் பேசுவது சரியாகாது. எங்கள் வீட்டில் ஏர் ஓட்ட ஆறு பேர் இருந்தார்கள். அவர்களின் அப்பாக்கள் பண்ணையாட்களாக இருந்தவர்கள். கீழத்தஞ்சையில் அந்த வருடங்கள் கூலிப் போராட்டங்களின் வருடங்கள். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு எந்தக் கிராமமும் பழையபடி இல்லை. நிலம் வைத்திருந்தவர்கள் பலர் டிராக்டரை வேகத்துக்காக மட்டும் வாங்கவில்லை. ஆட்களோடு பேச வேண்டிய பேச்சைக் குறைத்துக்கொள்ளவும் வாங்கினார்கள். அப்பா அப்படி நினைத்தாரா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. நடந்தது என்னவென்றால், ஆறு பேரில் ஒருவரின் மகன் டிரைவர் ஆனார். இரண்டு பேர் நடவு, அண்டை வெட்டு என்று எங்கள் வீட்டிலேயே தொடர்ந்தார்கள். மூன்று பேர் குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

டிரைவராக வந்தவரை நாங்கள் ‘அண்ணன்’ என்போம். அவருக்கு அப்போது 19 வயது. நாலாவது வரை படித்தவர். ஆறு மாதத்தில் எஞ்சின் சத்தத்தை வைத்தே நாசில் அடைப்பைச் சொல்லிவிடுவார். 40 வருடம் ஓட்டினார். இப்போது அவர் மகன் ஓட்டுகிறார்.

அப்பாவின் நோட்டு

வண்டி நிலவள வங்கிக் கடனில் வந்தது. நிலத்தை அடமானம் வைத்துத்தான் கொடுத்தார்கள். அந்தப் பயத்தில் அப்பா ஒரு நீள நோட்டுப் போட்டார். டீசல், ஆயில், வாடகைக்கு உழுதது, மாற்றிய பாகம் எல்லாம் தேதியோடு அதில் இருக்கும். 2004-ல் அப்பா காலமானார். பிறகு தம்பி எழுதினான். மூன்று நோட்டு ஆகியிருக்கிறது.

நான் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். எத்தனையோ டிராக்டர் கடன் விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். அடமானப் பத்திரத்தில் விவசாயி நிலத்தின் வரலாறு நாற்பது வருடத்துக்கு இருக்கும். வண்டிக்கு அப்படி ஒரு வில்லங்கச் சான்று யாரும் வைத்திருப்பதில்லை. அப்பாவின் நோட்டு அப்படிப்பட்ட சான்று.

அதிலிருந்து எங்களுக்குத் தெரிந்தவை: எஞ்சின் மூன்று முறை முழுதாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1984, 1996, 2009. ஒவ்வொரு முறையும் கிராங்க்‌ஷாஃப்டைக் கடைந்திருக்கிறார்கள். முதலில் பத்து, அடுத்து இருபது, பிறகு முப்பது. அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, இருபது பங்கு, முப்பது பங்கு தேய்ப்பு. நாற்பதோடு கணக்கு முடிந்துவிடும். கிளட்ச் பிளேட் ஐந்து முறை மாறியிருக்கிறது. கியர் பாக்ஸ் ஒரு முறைகூடத் திறக்கப்படவில்லை. முன் சக்கர பேரிங் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாறியிருக்கிறது. சேற்றில் இறங்கும் வண்டிக்கு அதுதான் தலைவிதி.

கஜா

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. எங்கள் கொட்டகையின் கூரையும், பக்கத்திலிருந்த தென்னை ஒன்றும் வண்டியின் மேல் விழுந்தன. பானெட் நசுங்கியது. ஸ்டியரிங் தண்டு வளைந்தது. சைலன்சர் உடைந்து போனது. முன் அச்சில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

அன்று மதியம் அண்ணனும் அவர் மகனும் மரத்தை அறுத்து எடுத்துவிட்டு, பேட்டரியைத் துடைத்து இணைத்து, ஸ்டார்ட் செய்தார்கள். ஓடியது. ஊரில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. எங்கிருந்தோ ஓர் ஆல்டர்னேட்டர் கொண்டுவந்து டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் மாட்டி, தெருவின் மோட்டாரை ஓட்டித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். பிறகு மாதக்கணக்கில் விழுந்த தென்னைகளை இழுத்துப் போடுவதே வேலை.

அந்த வேலை முடிந்தபோது தம்பி சொன்னான்: "அண்ணே, இதோட போதும். எடைக்குப் போட்டுடலாம்." புது வண்டி வாங்கலாம், கடன் கிடைக்கும் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சேற்று உழவுக்கு இப்போது எல்லோரும் ரோட்டவேட்டர் பூட்டிய பெரிய வண்டிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். அறுவடைக்கு மிஷின் வந்துவிடுகிறது. எங்கள் பழைய வண்டிக்கு மிஞ்சியது நாற்றங்கால், கோடை உழவு, டிரெய்லரில் எரு அடிப்பது, கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோவது, சில சமயம் கூண்டுச் சக்கரம் போட்டுச் சின்ன வயல்களைச் சேறடிப்பது.

நான் சொன்ன காரணம் ஒன்றுதான். 2012-லிருந்து 2019 வரை எட்டு வருடம் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. தண்ணீர் வராத வருடத்தில் கடன் டிராக்டர் சும்மா நிற்காது, தவணை கேட்டுக்கொண்டே நிற்கும். வண்டிக்கு வேலை தேடிச் செங்கல் சூளைக்கும் மணலுக்கும் ஓட்டிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜப்தியாகி வங்கி வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். கடன் தீர்ந்த வண்டி வேலை இல்லாவிட்டால் பேசாமல் நிற்கும். அந்த அமைதிக்கு ஒரு விலை இருக்கிறது. தம்பி ஒரு வருடம் பார்க்கலாம் என்றான். மூன்று வருடம் ஆனது.

ஒரு பருவத்துக்கு ஓர் உறுப்பு

மன்னார்குடியில் ஒரு பாய் இருக்கிறார். எங்கள் அப்பா காலத்து மெக்கானிக்கின் மகன். அவரும் தம்பியும் நானும் உட்கார்ந்து மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம்.

முதல் விதி, ஒரு தடவைக்கு ஒரு பகுதிதான். இரண்டாவது, பழைய பாகத்தை எறியக்கூடாது. புதுசு ஒரு போகம் ஓடி முடிக்கும்வரை பழையதைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, தண்ணீர் வருவதற்குள் முடிக்க முடியாத வேலையைத் தொடங்கவே கூடாது.

டெல்டாவில் வண்டிக்கு ஓய்வு இரண்டு சமயம். சம்பா, தாளடி அறுத்து உளுந்து நிற்கும் காலத்திலிருந்து மே கடைசி வரை ஒன்று. நடவு முடிந்து மழை கொட்டும் நவம்பர், டிசம்பர் இன்னொன்று.

2019 கோடையில் முன் அச்சும் ஸ்டியரிங்கும். கிங் பின், புஷ், ஹப் பேரிங், சீல் எல்லாம் மாற்றினோம். ஒரு கடையில் வாங்கிய பேரிங் நல்ல டப்பாவில் வந்த போலி. கையில் வைத்துச் சுழற்றியதும் பாய் முகம் மாறியது. திருப்பிக் கொடுத்துவிட்டோம். பழைய பாகத்தை வைத்திருக்கும் விதியின் பயன் அங்கேயே தெரிந்தது. நல்லது வரும்வரை பழைய பேரிங் இரண்டு வாரம் ஓடியது.

2019 மழைக் காலத்தில் பின் அச்சு. பின் சக்கரத்து ஆயில் சீல் போனால் எண்ணெய் கசிந்து பிரேக் ஷூவை நனைத்துவிடும். பிரேக் பிடிக்காததற்கு ஷூவை மட்டும் மாற்றுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மாத்திரை போடுவது மாதிரி. இரண்டு பக்கச் சீலும் ஷூவும் சேர்த்து மாற்றினோம்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. உதிரி பாகக் கடைகள் மூடிவிட்டன. பாகம் வாங்காமல் என்ன செய்ய முடியும் என்று யோசித்தோம். டீசல் டாங்கைக் கழற்றிக் கழுவினால் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு. ஒயரிங் முழுவதையும் அண்ணன் மகனே புதிதாகப் போட்டார். நசுங்கிய பானெட்டைக் கொல்லையில் போட்டு மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். அந்த வருடம் எட்டு வருடத்துக்குப் பிறகு ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள்.

2021 கோடையில் ஹைட்ராலிக். ஃபெர்குசன் வடிவமைப்பில் பம்ப் வெளியே தெரியாது. பின் அச்சுப் பெட்டிக்குள், எண்ணெயில் மூழ்கி இருக்கும். எண்ணெயை வடித்து, மேல் மூடியை ஆள் பிடித்துத் தூக்கினால்தான் அதைத் தொட முடியும். கலப்பையைத் தூக்கி நிறுத்தினால் கால் மணி நேரத்தில் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. லிஃப்ட் சிலிண்டரின் பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தது. பம்ப் வால்வுகளும் போயிருந்தன. இரண்டையும் சரிசெய்து மூடினோம். அயர்லாந்துக்காரர் யோசித்து வைத்த அந்த மேல் தண்டின் ஸ்பிரிங் மட்டும் 1976-ல் வந்ததுதான், இன்றும் அதுவே.

மே 24

2022 கோடைக்கு எஞ்சினும் கிளட்சும் மீதி இருந்தன. இரண்டையும் ஒன்றாகச் செய்ததற்குக் காரணம் உண்டு. லாரிக்கு இருப்பது போல இந்த டிராக்டருக்குத் தனியாகச் சேஸி கிடையாது. எஞ்சின், கியர் பாக்ஸ், பின் அச்சு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டால் முடுக்கப்பட்டு, அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டுமானால் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒருமுறை பிரித்தால் இரண்டு வேலையையும் முடித்துவிட வேண்டும்.

ஏப்ரல் 20-ம் தேதி பிரித்தோம். முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம், கட்டையில் நின்றன. பிஸ்டன், லைனர் எதிர்பார்த்த தேய்மானம்தான். கிராங்க்‌ஷாஃப்டைத் தஞ்சாவூர் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அளந்து பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு இடத்தில் கீறல் ஆழமாக இருக்கிறது, நாற்பது கடைந்தாலும் சுத்தமாகாது என்றார். புது கிராங்குக்குச் சொல்லி வைத்தோம். மே இரண்டாம் வாரம் என்றார்கள், மூன்றாம் வாரம் என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் அறிவிப்பு வந்தது. கோடை மழையால் நீர்வரத்து கூடி அணை நிறைந்து வருவதால், வழக்கமான ஜூன் 12-க்கு முன்னதாக, மே 24-ம் தேதியே மேட்டூர் திறப்பு. டெல்டா முழுக்கச் சந்தோஷம். எங்கள் கொட்டகையில் வண்டி இரண்டு துண்டாக நிற்கிறது.

தம்பி அன்று இரவே வந்தான். திருச்சியில் ஒருவரிடம் முழு எஞ்சின் ஒன்று இருக்கிறது, ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கழற்றியது, இரண்டு நாளில் மாட்டிவிடலாம் என்றான். எஞ்சின் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் திருத்த வேண்டும். அது நடக்கக்கூடிய வேலைதான். என் தயக்கம் வேறு. நம் எஞ்சினில் எது எப்போது தேய்ந்தது, எது மாறியது என்று நோட்டு சொல்கிறது. அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை.

"நோட்டு உழாதுண்ணே" என்றான் தம்பி.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பயிர் வைப்பவன் அவன். நான் பென்ஷன் வாங்குபவன். தண்ணீர் வரும் நாளில் நாற்றங்கால் தயாராக இல்லாவிட்டால் நஷ்டம் அவனுக்கு. கடைசியில் ஒரு தேதி வைத்தோம். மே 31-க்குள் கிராங்க் கிடைத்தால் நம் எஞ்சின். இல்லாவிட்டால் ஜூன் 1 காலை அந்த எஞ்சின். நாற்றங்காலுக்குப் பக்கத்து வீட்டு வண்டியை வாடகைக்குச் சொன்னோம். அந்த வாடகையை நான் கொடுத்தேன்.

மே 24-ல் அணை திறந்தது. பாயும் நானும் திருச்சிக்கே போனோம், தம்பி சொன்ன அதே கடைக்கு அல்ல, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் வேறு சில கடைகளுக்கு. மூன்றாவது கடையில் எங்கள் வண்டியின் காலத்தையே சேர்ந்த ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கிராங்க் பத்தில்தான் இருந்தது. தஞ்சாவூர் பட்டறையில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, இருபதுக்குக் கடைந்து, புது பேரிங் போட்டு, மே 29 மாலை ஊருக்கு வந்துவிட்டது. தம்பி எதுவும் சொல்லவில்லை. டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பாயின் பக்கத்தில் நள்ளிரவு வரை நின்றான்.

ஜூன் 3-ல் எஞ்சின் ஓடியது. புது பிஸ்டன், லைனர் போட்ட எஞ்சினை உடனே சேற்றில் இறக்கக்கூடாது. கூண்டுச் சக்கரத்தோடு சேறடிப்பதுதான் டிராக்டருக்கு இருக்கும் கடுமையான வேலை. முதலில் வெறும் டிரெய்லர், பிறகு பாதி பாரம், ஹெட் போல்ட்டைத் திரும்ப முடுக்குதல், ஆயிலை மாற்றுதல் என்று ஐந்து நாள் போனது. பாமணி ஆற்று வாய்க்காலில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் ஏறிய மூன்றாம் நாள், ஜூன் 9-ல், வண்டி சேற்றில் இறங்கியது. பெரிய வயல்களை வாடகை ரோட்டவேட்டர் அடித்தது. மூலைகளையும் சின்னப் பாத்திகளையும் எங்கள் வண்டி அடித்தது. அந்தக் குறுவையில் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை.

இப்போது எது பழசு?

இத்தனை மாற்றிய பிறகு இது அப்பா வாங்கிய வண்டிதானா என்று என் பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. நோட்டைப் பார்த்து அவனுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். எஞ்சின் பிளாக், கியர் பாக்ஸ், பின் அச்சுப் பெட்டி, ஹைட்ராலிக் மேல் மூடி, மேல் தண்டு ஸ்பிரிங், சீட்டின் இரும்புத் தட்டு: இவை 1976. கிராங்க் யாரோ ஊர் பேர் தெரியாத ஒரு விவசாயியின் வண்டியிலிருந்து வந்தது. அந்த வண்டிக்கும் ஒரு நோட்டு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மற்றதெல்லாம் இடையில் வந்தவை. பானெட்டில் கஜாவின் தழும்பு கொஞ்சம் இருக்கிறது. பெயின்ட் அடித்த பிறகும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மூன்று வருடத்தில் நாங்கள் போட்ட பணம் புது வண்டிக்கு முன்பணமாகக்கூடக் காணாது. ஆனால் என் நேரம், தம்பியின் பொறுமை, பாயின் கைத்திறமை இவற்றுக்குக் கூலி போட்டால் கணக்கு மாறிவிடும். உள்ளூரில் பாகமும் தெரிந்த கையும் இல்லாத வண்டியாக இருந்தால் நானே விற்றுவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய டிராக்டரோ, எண்ணெய் எஞ்சினோ, நெல் அரைக்கும் மிஷினோ இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். பழுது பார்ப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். இன்று வண்டியில் தெரிவதை எழுதுங்கள்: எது கசிகிறது, எது சத்தம் போடுகிறது, எதை யார் எப்போது மாற்றியதாக ஞாபகம். ஓட்டியவர் உயிரோடு இருந்தால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். எங்கள் அண்ணன் சொல்லித்தான் இரண்டாம் கியர் 1990-களிலிருந்தே சில சமயம் தானாகக் கழன்றுகொள்ளும் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அது நோட்டில் இல்லை. அவர் அதை யாரிடமும் சொல்லாமல், கையால் லீவரைப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

ஆகவே அடுத்தது கியர் பாக்ஸ். ஒரு முறையும் திறக்காத பெட்டி. தம்பி இப்போதே பாயிடம் தேதி கேட்டுவிட்டான். உளுந்து எடுத்த மறுநாள் தொடங்குவது, மே 10-க்குள் மூடுவது என்று பேச்சு. ஜூன் 12-ஐ நம்பி இனி யாரும் வேலை வைத்துக்கொள்வதில்லை.